வரிசைப்படி திருப்பவும்

பதிவில் பிழை எதுவும் இல்லை. தேவகிருபை அதை மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

அலுவலக மாடிப்படியின் திருப்பத்தில், சுவரில் சாய்ந்தபடி பார்த்தாள். பதிவு கண்ணாடியில்தான் ஓடும், உள்ளே பார்க்க முடியாது. அவள் பிரிவில் கண்ணாடிக்கு அனுமதி இல்லை. வாசலில் ஒரு தட்டு இருக்கும். அதில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நாற்காலிக்குப் போக வேண்டும். எபிரேயம், அரபி, உருதுப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கும் பிரிவு அது. வெளியூர்ப் பதிப்பகங்களின் வேலை. எந்த எழுத்தைப் பார்த்தாலும் அது இருக்கும் இடத்திலேயே அவரவர் மொழியில் காட்டுவதும், பிறர் பேச்சை மொழிபெயர்த்துக் காதில் சொல்வதும் கண்ணாடியின் வேலை. அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எபிரேயப் பக்கம் தமிழாகத் தெரியும். தமிழாகத் தெரியும் பக்கத்தில் எபிரேயப் பிழையைப் பிடிக்க முடியாது.

மற்ற பிரிவுகளில் அவர்களுக்கு ரிவர்ஸ் செக்‌ஷன் என்று பெயர். லிஃப்டில் அவளைக் கண்டால், "பாத்து, பின்பக்கமா ஏறிடப் போறாங்க" என்பார்கள். அவள் சிரித்துவிட்டுப் போவாள்.

பதிவு அவள் தம்பி எபனேசருடையது. விபத்து நடந்த அன்று அவன் கண்ணாடி வழியே கண்டது. குற்றம் சாட்டப்பட்டவரின் நெருங்கிய உறவினர் ஒருவர் அதைப் பார்க்கலாம் என்று சட்டம் இருந்தது. வழக்கோடு தொடர்புடையவர்களைத் தவிர, வெளியே அவருடைய கண்ணாடியில் மட்டும்தான் ஓடும். நகல் எடுக்க முடியாது.

வளைகுடாத் துறைமுக நகரம் ஒன்றில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. குளோரின் அறை. சுவரோடு நான்கு வால்வுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகை. எல்லாவற்றுக்கும் மேலே அகலமாக ஒரு பலகை. "வரிசைப்படி திருப்பவும்." அதிலேயே கீழே, ஒரே வரியில் நான்கு சொற்கள். வடிகால். காற்று. கழுவு. வரத்து. எபனேசரின் கை வருகிறது. வடிகாலைத் திருப்புகிறது. காற்றுக்குப் போகிறது. கழுவு வால்வில் கை வைக்கும்போது கீழேயிருந்து யாரோ அலறுகிறார்கள்.

கீழே கால்வாயில் இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மலப்புரத்து அன்சார், நேபாளத்து தாபா. வாயு வரும் வரத்தை முதலில் அடைக்காமல் வடிகாலைத் திறந்ததால் வாயு முழுவதும் அவர்கள்மேல் இறங்கியது. அன்சார் அங்கேயே இறந்தார். தாபா மருத்துவமனை வாசலில்.

ஆலைக்குக் கண்ணாடி வழங்கிய நிறுவனத்தின் அறிக்கை ஒரு பக்கம்தான். பலகைகளின் மொழிபெயர்ப்பு முழுமையாகச் சரி. ஊழியர் தாய்மொழியில் படித்திருக்கிறார். படித்தும் வரத்தைக் கடைசிக்கு விட்டிருக்கிறார்.

கண்ணாடி வந்தபின் அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது. தாய்மொழியில் படித்தவர் அறிந்தவர் ஆவார். அந்த ஒரு வரியோடு பயிற்சி போயிற்று. முன்பு புதிதாக வருபவனைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஒவ்வொரு வால்வாகத் தொட வைப்பார்கள். இனி எதற்கு? எல்லாம் அவன் மொழியிலேயே எழுதியிருக்கிறதே.

எபனேசர் சிறையிலிருந்து வாரம் ஒருமுறை பேசினான்.

"யக்கா, நான் ஒண்ணும் விளையாட்டா செய்யல. பலகைல என்ன இருந்துச்சோ அதப் பாத்துத்தான் திருப்புனேன்."

"வரத்த ஏம்ல கடைசிக்கு விட்ட?"

"கடைசிலதான இருந்துச்சு."

அவளுக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதனால்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இருந்தபடியே செய்தவன்மேல் குற்றம் எங்கிருந்து வந்தது?

விடை வந்தது நூருன்னிசாவிடமிருந்து. நூருன்னிசா பக்கத்து நாற்காலிக்காரி. அரபி மெய்ப்புகளை அவள்தான் பார்ப்பாள். வழக்குக் கோப்பில் அந்தச் சுவரின் புகைப்படம் ஒன்று இருந்தது. தேவகிருபை அதை மேசையில் வைத்தாள். இருவர் முகத்திலும் கண்ணாடி இல்லை.

"என்ன போட்டிருக்குன்னு படி நூரு."

நூருன்னிசா விரல் வைத்துப் படித்தாள். "வரிசைப்படி திருப்பவும். வரத்து, கழுவு, காற்று, வடிகால்."

"இன்னொரு தடவ."

"ஏன், காது கேக்கலையா? வரத்து, கழுவு, காற்று, வடிகால்."

விரல் படத்தின் வலது ஓரத்தில் தொடங்கி இடது ஓரத்தில் நின்றது. தேவகிருபை அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரபியில் முதல் என்பது வலப்பக்கம். பலகை எழுதியவருக்கு அதற்கு எண் போட வேண்டும் என்றே தோன்றியிருக்காது. கண்ணாடி ஒவ்வொரு சொல்லையும் எடுத்துத் தமிழாக்கி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டது. தமிழில் படிப்பவன் இடப்பக்கத்திலிருந்து தொடங்குவான் என்பதை அது யோசிக்கவில்லை. சொல் நான்கும் சரி. வரிசை தலைகீழ்.

மொழி மாறினால் பத்தியின் பக்கமும் மாற வேண்டும். அவள் பிரிவில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதுதான். எபிரேயப் புத்தகத்தின் அட்டவணையை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது சொற்களை மட்டும் மாற்றி அனுப்பினால் அவளே திருப்பி விட்டெறிவாள். வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள்கூட இரண்டாவது மாதம் செய்யாத பிழை. ஒரு நாடே அதை மாட்டிக்கொண்டு திரிந்தது.

"படுபாவிங்க," என்றாள் நூருன்னிசா. "இதுக்கு உன் தம்பியவா உள்ள வச்சிருக்காங்க?"

தேவகிருபை தட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். பதிவை ஓட்டி, பலகைகள் தெரியும் இடத்தில் நிறுத்தினாள். கண்ணாடியின் ஓரத்தில் "பிழை சுட்டு" என்று ஒரு குறி எப்போதும் இருக்கும். அதைத் தொட்டுச் சொன்னாள்.

"சொற்கள் சரி. வரிசை தவறு. தமிழில் காட்டும்போது மேல் பலகையில் சொற்களின் வரிசையும் மாற வேண்டும். இந்தப் பிழையால் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள்."

பிழையைக் கண்டால் குறித்து அனுப்புவது. இருபது ஆண்டுப் பழக்கம், கை தானாகப் போயிற்று. அவள் தொழிலில் திருத்தம் என்றால் பழைய பக்கம் எங்கும் போய்விடாது. மெய்ப்பில் போட்ட சிவப்புக் கோடு, திருத்தியவர் பெயர், திருத்தும் முன் இருந்த பக்கம் எல்லாம் அடுக்கில் இருக்கும். யாரும் எப்போதும் எடுத்துப் பார்க்கலாம். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.

மறுநாளே பதில் வந்தது. உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது, எல்லாக் கண்ணாடிகளிலும் சேர்க்கப்பட்டது, நன்றி. கீழே பிரணவ் என்று ஒரு பெயர். அவள் அதை அப்படியே எபனேசரின் வழக்கறிஞருக்கு அனுப்பினாள். நூருன்னிசா கேசரி வாங்கி வந்து பிரிவு முழுவதும் கொடுத்தாள். "ஒத்துக்கிட்டாங்கள்ல? அவ்வளவுதான், வந்துருவான்."

வழக்கறிஞர் மாலையில் கூப்பிட்டார். குரல் தயங்கியது. "அம்மா, நீங்க பதிவ இப்ப ஒரு தடவ பாருங்க."

பார்த்தாள். அதே அறை. அதே சுவர். "வரிசைப்படி திருப்பவும்." கீழே, இடப்பக்கத்திலிருந்து, வரத்து. கழுவு. காற்று. வடிகால். எபனேசரின் கை வருகிறது. முதல் சொல்லான வரத்தை விட்டுவிட்டு, கடைசிச் சொல்லான வடிகாலின் வால்வுக்குப் போகிறது. எதையும் படிக்காதவன் போல இருந்தது. கை போன இடம் அப்படியே இருக்க, சொற்களின் வரிசையை மட்டும் கண்ணாடி திருப்பி அடுக்கியிருந்தது. சரியான வரிசையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கடைசி வால்வை முதலில் திருப்பும் ஒருவனை அது காட்டியது.

அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிரணவைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. கண்ணாடி நிறுவனத்தின் சென்னை அலுவலகம் பழைய மகாபலிபுரம் சாலையில்தான் இருந்தது. கீழே டீக்கடைக்கு வரச் சொன்னாள். வந்தான். முப்பது வயது இருக்கும்.

"மேடம், சூப்பர் கேட்ச். எங்க டீம்ல எல்லாரும் உங்களப் பத்தித்தான் பேசினாங்க."

"ரெண்டு பேர் செத்திருக்காங்க தம்பி."

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"பதிவு ஏன் மாறுச்சு?"

"பதிவு மாறல மேடம். ஒரு எழுத்துகூட மாறல."

"நான் பாத்தேன். நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு."

"அது வந்து..." அவன் விரலால் மேசையில் கோடு போட்டான். "ஆளுங்க பாக்குறத எல்லாம் படமா சேத்து வைக்கக் கூடாது, அந்தரங்கச் சட்டம் இருக்கு. அதனால என்ன சொல்லு, எத்தனாவது சொல்லு, கை எந்த வால்வுக்குப் போச்சுன்னு குறிப்பு மட்டும் வச்சிருப்போம். போட்டுக் காட்டும்போது கண்ணாடி அதப் பாத்து திரும்ப அடுக்கும். இன்னைக்கு அடுக்கினா இன்னைக்கு இருக்கிற முறைப்படி அடுக்கும். உங்க தொழில்ல உங்களுக்குத் தெரியுமே."

தெரியும். கணினிக்குள் எபிரேயச் சொல் எந்தப் பக்கமும் பார்த்து நிற்பதில்லை. முதல் எழுத்து, அடுத்த எழுத்து என்று சொல்லும் வரிசையில்தான் நிற்கும். பக்கத்தில் வைக்கும்போதுதான் வலமா இடமா என்பது. யார் வைக்கிறார்களோ அவர்கள் முடிவு.

"அப்ப என் தம்பி பாத்தத நீங்க வச்சிருக்கல. அவன் பாத்திருக்க வேண்டியத வச்சிருக்கீங்க."

அவன் மேசையில் போட்ட கோட்டை உள்ளங்கையால் துடைத்தான்.

"பழைய முறையிலயே ஓட்டிக் காட்டுங்க."

"புதுசு ஏறினதும் பழசு எல்லா இடத்துலயும் அழிஞ்சிடும் மேடம். பாதுகாப்புக்காக."

"யார் பாதுகாப்புக்கு?"

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"எங்க ஆபீஸ்ல ஒரு கமா மாத்தினாக்கூட பழைய பக்கம் இருக்கும். கதைப் புத்தகம் தம்பி. படிச்சுட்டு மூடி வைக்கிற புத்தகம். அதுக்கே வச்சிருக்கோம். நீங்க ஆள உள்ள தள்ளுறதுக்குச் சாட்சி தயாரிக்கிறீங்க, பழச அழிச்சிடுவீங்களா?"

"நான் அத முடிவு பண்றதில்ல மேடம்."

"வந்து சொல்லுங்க. நான்தான் திருத்தினேன், அதுக்கு முன்னாடி தலைகீழா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை."

"விசாரணைக்கு வரச் சொல்லியிருக்காங்க. கம்பெனி சார்பா."

"என்ன சொல்லுவீங்க?"

"கேக்குறதுக்குப் பதில் சொல்லுவேன்."

"கேக்காததுக்கு?"

அவன் கண் கண்ணாடியின் ஓரத்துக்குப் போயிற்று. அங்கே யாரோ அவனைக் கூப்பிட்டிருக்க வேண்டும், அல்லது கூப்பிட்டதாகக் காட்டிக்கொண்டான். "மீட்டிங் மேடம்," என்று எழுந்தான். டீ அப்படியே இருந்தது.

அந்த வாரம் எபனேசர் பேசியபோது குரல் மாறியிருந்தது.

"யக்கா, விசாரணைன்னு தெனமும் கூட்டிட்டுப் போயி அந்தப் பதிவப் போட்டுக் காட்டுதாவ. கண்ணாடிலயே ஓடுது. நான் அங்க நிக்கிற மாதிரியே இருக்கு."

"அது நீ பாத்தது இல்லல. அவனுவ மாத்திட்டானுவ." அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பிழையைத் தான் அனுப்பியதையும் சொன்னாள்.

"அப்ப நான் பாத்தது எங்கக்கா?"

"உனக்குள்ள இருக்கும்ல. கடைசிலதான் வரத்து இருந்துச்சுன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். சொன்னது ஞாபகம் இருக்கு. பாத்தது இல்ல. கண்ண மூடினா அவிய காட்டுததுதான் வருது."

"கண்ணாடியக் கழட்டி வை. பாக்க மாட்டேன்னு சொல்லு."

"கழட்டினா வார்டன் பேசுதது புரியாதுக்கா. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாக்கூடத் தெரியாது."

விசாரணை நாளன்று அலுவலகக் கூட்ட அறையை நூருன்னிசா திறந்து கொடுத்தாள். சுவர்த் திரையில் அந்த நகரத்து நீதிமன்றம் தெரிந்தது. நீதிபதி வயதானவர், பொறுமையான முகம். அவர் அரபியில் பேசியது தேவகிருபையின் காதில் செய்தி வாசிக்கும் தமிழாக விழுந்தது.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஐயா, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் புகைப்படத்தைப் பாருங்கள். எந்த வால்விலிருந்து தொடங்குவீர்கள்?"

நீதிபதி கழற்றிப் பார்த்தார். விரல் வலப்பக்கம் போயிற்று. மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அவனுக்கு அரபி தெரியாது ஐயா. அதே இடங்களில் தமிழை வைத்தால் இடப்பக்கத்திலிருந்து தொடங்குவான். நானும் அப்படித்தான் படித்தேன். எந்தத் தமிழரும் அப்படித்தான் படிப்பார். எழுதியபடி செய்தவனைத்தான் நீங்கள் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். எழுதியவர்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள்."

நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்தார். இளம் பெண், மென்மையான குரல். "அம்மையாரின் வேதனை எங்களுக்குப் புரிகிறது. பதிவை ஓட்ட அனுமதி கேட்கிறேன்."

ஓடியது. வரத்து, கழுவு, காற்று, வடிகால். நீதிபதி நெற்றியைத் தடவினார். "நான் காண்பது சரியான வரிசையாக இருக்கிறதே."

"இது இப்போது அடுக்கியது ஐயா. அன்றைக்கு இப்படி இல்லை."

பிரணவ் இன்னொரு கட்டத்தில் தோன்றினான். அவனிடம் வழக்கறிஞர் கேட்டார். "பதிவின் குறிப்புகள் விபத்துக்குப் பின் மாற்றப்பட்டனவா?"

"இல்லை."

"சொற்கள்?"

"இல்லை."

நீதிபதி கேட்டார். "விபத்தன்று பலகையில் சொற்கள் எந்த வரிசையில் காட்டப்பட்டன?"

பிரணவ் தண்ணீர் குடித்தான். "அன்றைய பதிப்பு எங்களிடம் இல்லை, ஐயா. அதனால் சொல்ல இயலாது."

"நீங்கள் திருத்தம் செய்தீர்களா?"

"எல்லா நாளும் திருத்தங்கள் செய்கிறோம். சேவையின் தரத்துக்காக."

"எனக்கு எழுதினீர்களே! ஏற்கப்பட்டது என்று எழுதினீர்களே!" தேவகிருபை எழுந்து நின்றுவிட்டாள். நூருன்னிசா அவள் முழங்கையைப் பிடித்தாள். அந்தக் கடிதம் எல்லோருக்கும் போகும் பொது நன்றி என்றார் நிறுவனத்தின் வழக்கறிஞர். எந்தப் பிழை என்று அதில் ஒரு சொல் இல்லை. அது உண்மை. அன்று அந்த அறையில் அவர்கள் பேசியதில் பொய் என்று விரல் வைத்துக் காட்ட ஒன்றும் இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூடப் பிடித்திருப்பாள். பிழை பிடிப்பதுதானே அவள் தொழில்.

கடைசியில் நீதிபதி எபனேசரை எழுப்பினார். வேதப் புத்தகத்தின்மேல் கை வைக்கச் சொன்னார். எபனேசர் மெலிந்திருந்தான். சட்டை தோளில் நிற்கவில்லை.

"உன் சகோதரி சொல்வது நடந்திருக்கக் கூடியது. வேறு சாட்சி இல்லை. நீ சொன்னால் நான் எடுத்துக்கொள்வேன். அன்று உன் கண்ணில் முதலில் தெரிந்த சொல் எது?"

தேவகிருபை திரைக்கு அருகில் போனாள். வடிகால் என்று சொல். ஒரு சொல். அவளுடைய உதடுகள் அசைந்தன.

எபனேசர் வேதத்தின்மேல் இருந்த தன் கையைப் பார்த்தான்.

"யக்கா பொய் சொல்லாது ஐயா," என்றான். "அது சொல்லுதபடிதான் இருந்திருக்கும்."

"உன்னைக் கேட்டேன். நீ கண்டது?"

"சத்தியம் பண்ணிச் சொல்லணும்னா..." அவன் நிறுத்தினான். "எனக்கு இப்ப வரத்துன்னுதான் தெரியுது ஐயா. அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல. தெரியாதத வேதத்துல கை வச்சிட்டுச் சொல்ல முடியாது. செத்தவங்க ரெண்டு பேரு இருக்காங்க."

நீதிபதி சற்று நேரம் எழுதினார். ஊழியரின் கவனக்குறைவு, ஐந்து ஆண்டுகள். தாய்மொழியில் படித்தவர் அறிந்தவர் ஆவார் என்ற வரியையும் படித்தார். செய்தி வாசிக்கும் தமிழில் அது அழகாக இருந்தது. நிறுவனத்தின் கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிரணவின் கட்டம் கடைசியாக அணைந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தது போல் இருந்தது.

உறவினரோடு பேச ஒரு நிமிடம் தந்தார்கள். எபனேசர் திரைக்கு அருகே வந்தான்.

"யக்கா, இப்ப அந்த ரூம்ல வேல செய்தவனுவளுக்குச் சரியாத் தெரியும்லா?"

"தெரியும்ல."

"நீ எழுதிப் போட்டதாலதான?"

"ஆமா."

"அப்பச் சரிக்கா," என்றான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. காவலர் அவன் தோளைத் தொட்டார்.

"சரியில்லல எபி," என்றாள் அவள். "சரியே இல்லல."

திரையில் காலி நாற்காலிதான் இருந்தது.